மோல்டிங் என்றால் எது? பழைய வீட்டுச் சுவரில் அதை இழுத்து முடிப்பது வரை

தேவகோட்டைப் பக்கம் ஒரு வீடு. சென்னையில் இருக்கும் வீட்டுக்காரர் ஒரு காண்ட்ராக்டரிடம், "முகப்புல மோல்டிங் விழுந்துடுச்சு, வந்து போட்டுக் கொடுங்க" என்று போனில் சொல்லிவிட்டார். காண்ட்ராக்டர் சென்ட்ரிங் தகடும் முட்டுக் கம்பும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். அவர் அகராதியில் மோல்டிங் என்றால் கான்கிரீட் தளம். வீட்டில் இருந்த ஆச்சி என்னைக் கூப்பிட்டார். "தம்பி, விழுந்தது ரெண்டு பாக நீளம்கூட இருக்காது. இவுக கூரையையே பிரிக்க வந்திருக்காகளே?"

வண்டி வாடகை போனதுதான் மிச்சம். விழுந்தது மூன்று மீட்டர் சுண்ணாம்பு வரி. அதை எப்படித் திரும்ப இழுத்தோம், எங்கெல்லாம் புது ஆட்கள் தடுக்கி விழுந்தார்கள் என்பதை வரிசையாக எழுதுகிறேன். வரிசை முக்கியம். இதில் பாதித் தப்புகள் சரியான வேலையைத் தவறான நாளில் செய்ததால் வந்தவை.

1. எந்த மோல்டிங் என்று முதலில் தீர்மானியுங்கள்

ஒரே சொல்லை நான்கு தொழில்காரர்கள் நான்கு விதமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். தளம் போடுபவருக்கு அது பலகை அடித்துக் கான்கிரீட் ஊற்றுவது. ஆசாரிக்கு அது கதவுச் சட்டத்தில் ஓடும் இழைப்பு வரி, அல்லது கண்ணாடியைப் பிடிக்கும் பீடிங். ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையில் அது அச்சு வேலை: கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, உள்ளே பூ அச்சை இறக்கி, ஒவ்வொரு கண்ணியிலும் வண்ணக் கலவையை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு மேலே சிமெண்ட்டும் மணலும் நிரப்புவது. கொத்தனாருக்கு அது சுவர் மேல் நீளமாக ஓடும் வரி.

கூட்டிக் கழித்தால் அடிப்படை வேலை இரண்டுதான். ஒன்று, அச்சுக்குள் ஊற்றி வடிவம் எடுப்பது, அது வார்ப்பு. மற்றது, வடிவம் வெட்டிய தகட்டைக் கலவை மேல் ஓட்டி, ஒரே குறுக்குவெட்டு நீளத்துக்கும் ஓடும்படி இழுப்பது; அது வரி. விழுந்தது எது என்று தெரியாமல் ஆளைக் கூப்பிட்டால் அந்த வீட்டுக்காரருக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும்.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. விழுந்த துண்டை எந்த இடத்தில் குறுக்கே அறுத்தாலும் ஒரே வடிவம் வந்தால் அது வரி. இலை, பூ, யாளி முகம் என்று இடத்துக்கு இடம் மாறினால் வார்ப்பு. முகப்பில் பெரும்பாலும் இரண்டும் கலந்திருக்கும்: ஓடும் வரி, அதன் மேல் ஒட்டிய பூ.

கொத்தனாரிடம் பேசும்போது மோல்டிங் என்ற சொல்லையே விட்டுவிட்டு வடிவத்தைச் சொல்லுங்கள். தமிழில் அதற்குப் பெயர்கள் ஏற்கெனவே இருக்கின்றன. பிள்ளையார்பட்டியோ வைரவன்பட்டியோ போகும்போது கோயில் சுவரின் அடியைப் பாருங்கள். தரையை ஒட்டி உபானம், அதன் மேல் ஜகதி, உருண்டு வருவது குமுதம், உள்ளே ஒடுங்குவது கண்டம், பட்டையாக ஓடுவது பட்டிகை. மேலே கூரை விளிம்பில் வளைந்து தொங்குவது கபோதம். கோயில் வேலை பார்த்த கொத்தனாரிடம் "மேல ஒரு பட்டிகை, கீழ பாதிக் குமுதம், அதுக்கும் கீழ கண்டம்" என்றால் வேறு விளக்கமே வேண்டாம். மற்றவர்களிடம் பட்டை, உருட்டு, குழி என்று சொன்னால் போதும்.

2. சுண்ணாம்பை முதல் நாளே தொடங்குங்கள்

புது ஆட்கள் முதலில் சாரம் கட்டுகிறார்கள். வாடகைச் சாரம் நிற்கிறது, சுண்ணாம்பு தயாராகவில்லை. கடைசியில் பொறுமை இழந்து சிமெண்ட் மூட்டையைப் பிரிக்கிறார்கள். ஆகவே நீற்றுவதுதான் முதல் வேலை.

சுட்ட சுண்ணாம்புக் கல்லை இரும்பு டிரம்மில் உள்ள தண்ணீருக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும். கல்லைக் குவித்து வைத்து அதன் மேல் தண்ணீர் ஊற்றினால் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளி வேண்டாம். கொதி ஏறும்போது நெளிந்துவிடும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். கண்ணில் தெறித்தால் நிறுத்தாமல் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, கழுவியபடியே டாக்டரிடம் ஓடவேண்டும்.

நீறியதைச் சல்லடையில் வடித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி குறைந்தது மூன்று வாரம் விடுங்கள். நீறாத சிறு கட்டி உள்ளே இருந்தால் அது சுவரில் ஏறிய பிறகு நீறும். அப்போது பருத்து, பூச்சைப் பொட்டுப் பொட்டாகத் தள்ளிவிடும். காத்திருக்கச் சொல்வது அதற்காகத்தான்.

கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரைக் கலவைக்கு விடுவது இங்கே வழக்கம். நசுக்கிய கடுக்காயை மண்பானையில் ஊறவையுங்கள். எங்களோடு வந்த ஒரு பையன் இரும்பு வாளியில் ஊறப்போட்டுவிட்டான். மறுநாள் வாளியில் மைதான் இருந்தது. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுத்துவிடும். கருப்பட்டியைக் கைவீச்சாகப் போடாதீர்கள். அதிகமானால் கலவை இறுக நாளாகும், எறும்பும் வரும்.

முட்டை வெள்ளைக்கரு போடவேண்டாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அது உள்சுவரின் பளபளப்புப் பூச்சுக்கு. மழை வாங்கும் வெளி வரிக்கு என் கணக்கில் அது வீண் செலவு.

எவ்வளவு கலவை வேண்டும்? எங்கள் வரி 15 சென்டிமீட்டர் உயரம், 12 சென்டிமீட்டர் வெளித்தள்ளல். குறுக்குவெட்டு அந்தக் கட்டத்தில் ஏறக்குறைய பாதி, அதாவது 90 சதுர சென்டிமீட்டர். மூன்று மீட்டருக்கு 27 லிட்டர். அதில் பாதிக்கு மேல் உள்ளே செங்கல் துண்டு அடைத்துவிடும். மிச்சம் 12 லிட்டர்; கீழே சிந்துவதையும் சேர்த்து 20 லிட்டர் பிசைந்தோம், சரியாக இருந்தது.

நாள் பார்ப்பதும் இப்போதே. ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடவே வேண்டாம். சித்திரை வெயிலில் மேல்தோல் காய்ந்து உள்ளே பச்சையாக நிற்கும், வெடிக்கும். தை, மாசி நல்ல காலம்.

3. ஏன் விழுந்தது என்று பாருங்கள்

தண்ணீர்தான் காரணமாக இருக்கும். மேலே உடைந்த ஓடு, அடைத்த தூம்பு, சுவர் இடுக்கில் முளைத்த அரசங்கன்று. அதைச் சரிசெய்யாமல் வரியை மட்டும் இழுத்தால் அடுத்த மழைக்கு அடுத்த துண்டு விழும். அரசங்கன்றை வெட்டுவது போதாது. வேர் போன இடம் வரை காரையை எடுத்து வேரை வாங்கவேண்டும்.

4. பழைய வடிவத்தை எடுப்பது

விழாமல் நிற்கும் பகுதியில்தான் வடிவம் எடுக்கவேண்டும். ஆனால் நீங்கள் கண்ணால் பார்ப்பது உண்மையான வடிவம் அல்ல. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு வெள்ளை என்று அடித்து அடித்து, குழியெல்லாம் நிரம்பி, விளிம்பெல்லாம் மொழுங்கிப் போயிருக்கும்.

அந்த வீட்டில் நான் செய்த தப்பு இதுதான். அவசரத்தில் அப்படியே அளவெடுத்துத் தகடு வெட்டினேன். சோதனைக்கு ஒரு முழம் இழுத்துப் பார்த்தால் வரி கொழுக்கட்டை மாதிரி இருந்தது. பக்கத்தில் பழையது நிழல் விழுந்து கூர்மையாக நிற்க, புதியது சப்பென்று இருந்தது. தகடு குப்பைக்குப் போயிற்று.

சரியான முறை: ஒரு கை அகலத்துக்குப் பழைய வெள்ளையைத் தண்ணீர் தொட்டு மழுங்கிய கத்தியால் மெல்லச் சுரண்டுங்கள். செதில் செதிலாக வரும். காரையின் இறுக்கமான முகம் தெரிந்ததும் நிறுத்துங்கள். மூன்று இடத்தில் சுரண்டுங்கள். கையால் செய்த வரி இடத்துக்கு இடம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மாறும். மூன்றில் கூர்மையானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வடிவத்தை அட்டைக்கு மாற்ற மிக எளிய வழி, உடைந்த முனையையே பயன்படுத்துவது. முறிந்த இடத்தில் இரும்பு அறுக்கும் பிளேடால் நேராக ஒரு வெட்டுப் போட்டு, இடுக்கில் கெட்டி அட்டையைச் செருகிப் பென்சிலால் கோடு போடுங்கள். பின்பக்கச் சுவர்க்கோட்டையும் அட்டையில் குறியுங்கள். இதை மறந்தால் வரி எவ்வளவு வெளியே நிற்கவேண்டும் என்பதே தெரியாமல் போய்விடும். "மேல்" என்று எழுதி அம்புக்குறியும் போடுங்கள். சிரிக்காதீர்கள், தலைகீழாக வெட்டிய தகட்டை நான் பார்த்திருக்கிறேன்.

அடிப்பக்க வெளி விளிம்பில் ஒரு சின்னக் குழி ஓடுகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சன்ஷேடுக்கு அடியில் விடும் வாட்டர் கட்டிங் மாதிரி. வெள்ளை அடைத்து அது காணாமல் போயிருக்கலாம். மழைநீர் அங்கே வந்ததும் சொட்டிவிடும். அது இல்லையென்றால் அடி வழியாகவே ஊர்ந்து சுவருக்குத் திரும்பும். பழைய வடிவத்தில் இல்லாவிட்டாலும் நான் அதைச் சேர்த்துவிடுவேன்.

5. தகடு இரண்டு, வண்டி ஒன்று

அட்டை வடிவத்தை 22 கேஜ் ஜி.ஐ. தகட்டில் ஒட்டி, தகரக் கத்திரியால் கோட்டுக்குச் சற்று வெளியே வெட்டி, அரத்தால் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். கடைசியில் உப்புத்தாள். விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டும் ஒவ்வொரு பிசிறும் மூன்று மீட்டர் நீளத்துக்கு ஒரு கீறலாக ஓடும்.

தகடு இரண்டு வேண்டும். ஒன்று முடிவு வடிவம். மற்றொன்று அதைவிட 5 மில்லிமீட்டர் ஒடுங்கியது, உள்கருவுக்கு. ஒரே தகட்டில் ஒப்பேற்றப் பார்த்தால் கரடுமுரடான கருக்கலவையே முடிவு விளிம்பு வரை வந்து நிற்கும். மேலே நைசுப் பூச்சுக்கு இடம் இருக்காது.

தகட்டை ஒரு பலகையில் ஆணியடிக்கவேண்டும். பலகையை அதே வடிவில், ஆனால் தகட்டு விளிம்புக்கு 3 மில்லிமீட்டர் உள்ளே இருக்கும்படி வெட்டி, பின்புறம் சரிவாகச் சீவிவிடுங்கள். வெட்டுவது தகடு மட்டும்தான், மரம் கலவையைத் தொடக்கூடாது. இந்தப் பலகையின் அடியில், செங்கோணத்தில், ஒரு முழ நீளச் சறுக்குக் கட்டையை வைத்து, இரண்டையும் கோணக்கட்டையால் இறுக்குங்கள். எங்கள் கொத்தனார் இதை வண்டி என்பார். சறுக்குக் கட்டை குட்டையாக இருந்தால் வண்டி தலையாட்டும், வரி அலை அலையாக வரும்.

6. ஓட்டுச்சட்டம்: ரசமட்டத்தை நம்பாதீர்கள்

வண்டி ஓட ஒரு நேரான மரச்சட்டத்தை, வரிக்குக் கீழே சுவரில் அடிக்கவேண்டும். இங்கேதான் படித்த பிள்ளைகள் தப்புச் செய்கிறார்கள். ரசமட்டம் வைத்து, குமிழி நடுவில் நிற்கச் சட்டத்தை அடிக்கிறார்கள். பழைய வரி அந்த மட்டத்தில் இல்லை. சுவர் இறங்கியிருக்கும், அல்லது கட்டியவரே அப்படி விட்டிருப்பார். மூன்று மீட்டர் போய்ச் சேரும்போது புதுசும் பழசும் ஒரு விரல்கடை ஏறியிறங்கி நிற்கும்.

விழுந்த இடத்தின் இரண்டு பக்கமும் நிற்கும் பழைய வரிக்கு நூல் கட்டுங்கள். அந்த நூலுக்குத்தான் சட்டம். சட்டத்தை அடித்ததும் வெறும் வண்டியை ஒரு முறை ஓட்டி, இரண்டு முனையிலும் தகடு பழைய வரியோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

7. கரு கட்டுவது

பழைய காரையைக் கையால் தட்டுங்கள். பொத்தென்று சத்தம் கேட்கும் இடத்தையெல்லாம் எடுத்துவிடுங்கள். தூசியைத் துடைப்பத்தால் பெருக்கி, முதல் நாள் சாயங்காலமும் மறுநாள் காலையும் சுவரை நனையுங்கள். காய்ந்த செங்கல் கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும். பிறகு காரை மாவாக உதிரும்.

12 சென்டிமீட்டர் வெளியே நிற்கும் வரியைக் கலவை மட்டும் தாங்காது. பழைய மெல்லிய செங்கலை ஒன்றுக்குமேல் ஒன்று சற்று வெளித்தள்ளிப் பதித்துப் படி கட்டவேண்டும். ஒவ்வொரு கல்லும் பாதிக்கு மேல் சுவருக்குள் இருக்கட்டும். பிடிப்புக்கு இரும்பு ஆணி அடிக்காதீர்கள். துருப்பிடித்துப் பருத்து வரியையே பிளக்கும். பழைய வரி விழுந்த இடத்தில் எப்போதோ அடித்த ஆணி ஒன்று துருப்பிடித்துக் கட்டைவிரல் பருமனுக்கு இருந்தது.

கருக்கலவை: சுண்ணாம்பு ஒன்று, மணல் இரண்டு. சிமெண்ட் "கொஞ்சூண்டு" சேர்த்தால் சீக்கிரம் இறுகுமே என்று யாராவது சொல்வார்கள். சிமெண்ட் கெட்டி, அடியில் உள்ள காரை மெத்து. வெயிலுக்கும் மழைக்கும் இரண்டும் வேறுவேறாக அசையும். சுவருக்குள் ஏறிய ஈரமும் சிமெண்ட் வழியாக எளிதில் வெளியே வராது; பின்னால் உப்புப் பூத்து, பழைய காரையையும் பிய்த்துக்கொண்டு மொத்தமாக விழும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் உள்கூரைக்குச் சரி. வெளியே மழையில் அது கரையும்.

8. இழுப்பது

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கலவையை வீசி அப்புவார், ஒருவர் வண்டியை ஓட்டுவார். ஒருவரே இரண்டையும் செய்தால் வண்டி நடுவில் நிற்கும். நின்ற இடத்தில் ஒரு தடம் விழும்.

முதலில் ஒடுங்கிய தகடு. ஒரு தடவைக்கு 8 மில்லிமீட்டருக்கு மேல் கனம் ஏற்றாதீர்கள். கனமாக அப்பினால் தன் பாரத்திலேயே தொங்கும். வண்டி போன பிறகு பார்க்க அழகாகத்தான் இருக்கும். சாப்பிட்டு வந்து பார்த்தால் அடிவயிறு சரிந்திருக்கும். ஒரு பூச்சு நகம் பதியாத அளவுக்கு இறுகியதும் கீறிவிட்டு, நனைத்து, அடுத்தது. சுண்ணாம்பில் இதற்கு நாள் கணக்காகும். எங்களுக்குக் கரு முடிய எட்டு நாள்.

பிறகு முடிவுத் தகடு. கலவை ஒன்றுக்கு ஒன்று, நைசாகச் சலித்த மணல். கடுக்காய்த் தண்ணீரை இதில் தவிர்த்துவிடுங்கள், பழுப்பேறும்.

தகடு முன்னால், மரம் பின்னால் இருக்கும்படி, எப்போதும் ஒரே திசையில் ஓட்டுங்கள். திரும்பி வரும்போது வண்டியைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். பின்னோக்கி இழுத்தால் வெட்டாது, தேய்த்துப் பிடுங்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தகட்டை ஈரத் துணியால் துடையுங்கள். அங்கே ஒட்டிய ஒரு மணல் பருக்கை போதும், அழகான பட்டிகையில் கோடு விழுவதற்கு.

முதல் இரண்டு ஓட்டத்தில் வரி பொத்தலும் பள்ளமுமாக இருக்கும். இங்கே புது ஆள் பயந்துபோய்க் கரண்டியால் தடவ ஆரம்பிப்பான். வேண்டாம். பள்ளத்தில் கலவையை விரலால் அடித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். ஐந்தாவது, ஆறாவது ஓட்டத்தில் திடீரென்று விளிம்பு கத்திபோல் வரும். கடைசி ஓட்டத்துக்குமுன் சுண்ணாம்புத் தண்ணீரைக் குஞ்சத்தால் லேசாகத் தெளித்து, நிற்காமல் ஒரே மூச்சில் போய்விடுங்கள். "அண்ணே, இனிமே கை வைக்காதீங்க" என்று கொத்தனார் என்னைத் தள்ளிவிட்டது அந்த நேரத்தில்தான். சரியாகச் சொன்னார்.

மேல்முகம் வெளியே பார்த்துச் சரிந்திருக்கட்டும். தட்டையாக விட்டால் தண்ணீர் நிற்கும், புறா உட்காரும், அரசங்கன்று திரும்ப வரும்.

9. மூலை

உள்மூலைக்குள் வண்டி போகாது. ஏறக்குறைய ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிடும். அந்த இடத்தைக் கையால்தான் முடிக்கவேண்டும். 45 டிகிரியில் முனை சீவிய இரும்புப் பட்டை ஒன்று போதும். ஒரு பக்கத்து வரியில் பட்டையைப் படியவைத்து மூலையை நோக்கி நகர்த்துங்கள், பிறகு மறுபக்கத்திலிருந்து. பட்டிகையை முதலில் முடித்து, உருட்டையும் குழியையும் பிறகு செய்யுங்கள். நேர்கோடுகள் சந்தித்துவிட்டால் வளைவுகள் தானாக இடத்துக்கு வரும்.

10. பூ இருந்தால்: இங்கேதான் அச்சு

வரி முழுதும் இறுகிய பிறகு பூக்களுக்கு வாருங்கள். நிற்கும் பூவைச் சுத்தம் செய்து, சிலிக்கான் ரப்பர் பூசி அச்சு எடுக்கலாம். களிமண் அழுத்தியும் எடுக்கலாம். ஆனால் இதழ் உள்பக்கம் மடங்கியிருந்தால் கழற்றும்போது களிமண் கிழியும். வார்த்த பூவின் முதுகையும் வரியில் அது உட்காரும் இடத்தையும் கீறி, நனைத்து, சுண்ணாம்பு விழுதால் ஒட்டுங்கள். ஆட்டிப் பார்க்காதீர்கள்.

11. ஈரமும் காற்றும்

சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை எடுத்துத்தான் கல்லாகிறது. அதற்கு லேசான ஈரமும் வேண்டும். சிமெண்ட் பழக்கத்தில் ஓஸ் பிடித்து அடித்தால் விளிம்பு போய்விடும். ஈரச் சாக்கை வரியில் படாமல் முன்னால் தொங்கவிட்டு, பத்து நாள் காலையும் மாலையும் புகைபோல் தண்ணீர் தெளியுங்கள். பிளாஸ்டிக் தாளால் இறுக்கி மூடினால் ஈரம் இருக்கும், காற்று இருக்காது.

ஒரு மாதம் கழித்துச் சுண்ணாம்பு வெள்ளை, மோர் பதத்தில், மூன்று கை. எமல்ஷன் அடித்தால் ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். இரண்டு மழைக்குள் தோலாக உரிவதைப் பார்க்கலாம்.

தகட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் தடவி, பழைய வேட்டியில் சுற்றி, எந்தச் சுவர், எந்தப் பக்கம் என்று எழுதிக் கட்டி வையுங்கள். ஆச்சி வீட்டில் அது இரண்டாங்கட்டு அறையில், முறத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. வடக்குப் பக்கம் இன்னும் நாலு மீட்டர் பொத்தென்றுதான் சத்தம் கொடுக்கிறது.